முறுக்குக்கு முடி முளைக்கிறது

சிதம்பரம்
10.02.2025

இளவரசு அவர்களுக்கு,

முறுக்கு என்னிடம் இருக்கிறான். தெருத் தெருவாகத் தேட வேண்டாம். தேடியிருப்பீர்களா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. நீங்களாகக் கூப்பிடும்வரை கடலூர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்ற வீம்பை மூன்று மாதம் கட்டிக் காத்தது போதும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்தேன். கட்டிய பெண்டாட்டி தன் வீட்டுக்கு வர அழைப்பிதழா அச்சடிப்பார்கள் என்று பேருந்தில் என்னையே திட்டிக்கொண்டேன். நீங்கள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தீர்கள். என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பின்கட்டுக் கதவைத் திறந்தேன், நாற்றம் மூக்கைத் துளைத்தது.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒன்றரை முழச் சங்கிலியில் ஏதோ ஒன்று கட்டிக் கிடந்தது. யார் வீட்டு நாயோ என்றுதான் முதலில் நினைத்தேன். வாலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முடி கொட்டிப்போயும் அந்தச் சுருட்டல் மட்டும் அப்படியே இருந்தது. காது இரண்டும் மொட்டை. கண்ணைச் சுற்றி மொட்டை. முதுகு முடியெல்லாம் கறுப்பு எண்ணெயும் மண்ணுமாகத் திரண்டு கட்டி கட்டியாகத் தொங்கியது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்துகொள்ளக்கூட இல்லை, வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

பேருந்தில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். ஓ.டி. துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஒன்றில் டிரைவரைக் கெஞ்சி ஏறினேன். மீன்பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்து வந்த எங்களைப் பார்த்து அவர், "யக்கா, மீனு நாறுதா நாயி நாறுதான்னு எனக்கே தெரியலக்கா" என்றார். கேட்டவுடன் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வழியில் அழுகையாகவும் ஆகிவிட்டது.

நேராகக் கால்நடை மருத்துவர் இலக்கியாவிடம் போனேன். ஒன்பது கிலோ இருக்கிறானாம். போன வருஷம் தடுப்பூசி போடும்போது பதினாலு. நான் லால்பேட்டைப் பள்ளிக்கு மாறுதலாகி வரும்போது, "முறுக்கப் பத்தி நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றீர்களே, பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா?

உங்கள் எண்ணை என் போனில் தடுத்துவிட்டேன். போனில் பேசினால் உங்களிடம் இருந்து ஒரு "ம்" வரும், இன்னொரு "ம்" வரும், பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிடும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதும்போது வெறும் "ம்" போட்டு அனுப்ப முடியாது.

பவானி

---

கடலூர் ஓ.டி.
14.02.2025

அன்புள்ள பவானிக்கு,

கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை. ஷிப்ட் முடிந்து வந்து வெறும் சங்கிலியைப் பார்த்ததும் துறைமுகம் வரை சைக்கிளில் தேடினேன்.

நான் அவனை ஒரு நாளும் அடித்ததில்லை. இரண்டு வேளையும் சோறு போட்டேன். தண்ணீர் வைத்தேன். அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

எண்ணெய் விஷயம். லாரி ஷெட்டில் இருக்கும் கதிர்வேல் சொன்னான், "சொறிக்கு வேஸ்ட் ஆயில்தான் மச்சான் மருந்து, ரெண்டு தடவ தடவு, ஓடிப்போவும்" என்று. எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

அவனுக்குக் கருவாட்டுத் தலை என்றால் உயிர். சோற்றில் பிசைந்து போடு. இன்னொன்று, அவனைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு. கட்டியிருக்கும் துணியைத் தனியாக ஊறவை. அவனைக் கட்டிலில் ஏற்றாதே, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதே. இதை மட்டும் தயவுசெய்து கேள்.

வேறு எழுதத் தெரியவில்லை. நான் வந்து அவனைப் பார்க்கலாமா?

இளவரசு

---

சிதம்பரம்
18.02.2025

இளவரசு அவர்களுக்கு,

ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவு என்று புத்திமதி மட்டும் வந்திருக்கிறது. மழையில் நனைந்த குட்டியாக இருந்தவனைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தது நீங்கள். இன்றைக்கு அவன் உங்களுக்குத் தீட்டாகிவிட்டானா? கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று இருந்தது. கருவாட்டுத் தலையில் உப்பு, கொடுக்கவே கூடாதாம். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேஸ்ட் ஆயில் மருந்தில்லை, விஷம். உங்கள் மச்சான் கதிர்வேலிடம் சொல்லுங்கள். நாய் அதை நக்கும், அது ஈரலுக்குப் போகும் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் நல்லவேளை, பெரிய சேதம் இல்லை.

அந்த எண்ணெயை எடுப்பதற்குள் எங்கள் தாவு தீர்ந்துவிட்டது. திரண்ட முடியைச் சீப்பால் இழுக்கக் கூடாதாம், தோலோடு வந்துவிடுமாம். டாக்டர் மிஷினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரைத்தார். ஒவ்வொரு கட்டிக்கும் அடியில் புண். பிறகு என் அறைத்தோழி இசைவாணியும் நானும் மாடியில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரால் கழுவினோம். மூன்று வாளி கறுப்பாகப் போனது. நாலாவது வாளியில்தான் அவன் உடம்பின் நிறம் தெரிந்தது, சிவப்பு.

தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். குட்டைக் கால் வைத்த புழு போல நெளிந்துகொண்டிருந்தது ஒன்று, இரண்டு, ஏழெட்டு. டெமோடெக்ஸ் என்று பெயர். அது எல்லா நாய்த் தோலிலும் கொஞ்சம் இருக்குமாம். உடம்பு தளர்ந்து எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் பெருகுமாம். மனிதருக்கு ஒட்டவே ஒட்டாதாம். ஆகையால் நான் அவனை முகத்தோடு முகம் வைத்துத்தான் கொஞ்சுகிறேன்.

மாதம் ஒரு மாத்திரை. நாலு வாரம் புண்ணுக்கு மாத்திரை. வாரம் ஒரு தடவை மருந்து ஷாம்பு போட்டுப் பத்து நிமிஷம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் அவன் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்க்கிறான். பேசிக்கொண்டே இருந்தால் நடுக்கம் குறைகிறது. நேற்று ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் முழுவதையும் அவனுக்கு நடத்திவிட்டேன். வகுப்பில்கூட யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

வர வேண்டாம்.

பவானி

---

கடலூர் ஓ.டி.
24.02.2025

அன்புள்ள பவானிக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதியும் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. உன் தெருமுனை டீக்கடை வரைக்கும்.

மாடியில் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். அவன் கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாதிரி ஏதோ மாட்டியிருந்தாய். கைப்பிடிச் சுவர் ஓரம் வெயிலில் படுத்திருந்தான். எலும்பு தெரிந்தது. மேலே வரலாம் என்று இரண்டு தடவை ரோட்டைத் தாண்டினேன். இரண்டு தடவையும் திரும்பினேன். டீக்கடைக்காரர், "சார், யாரையாவது பாக்கணுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பஸ் ஏறிவிட்டேன்.

மனிதருக்கு ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா? நன்றாக விசாரித்துச் சொல். மனிதரிடமிருந்து நாய்க்கு ஒட்டுமா என்றும் கேள். உன் கையில், விரல் சந்தில், அரிப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே எழுது.

வேலையில் நிலை கொள்ளவில்லை. கெமிக்கல் பிளாண்ட்டில் வால்வைத் திறந்துவிட்டு மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் பின்கட்டுப் பக்கம் போகப் பிடிக்கவில்லை.

இளவரசு

---

சிதம்பரம்
01.03.2025

இளவரசு அவர்களுக்கு,

நீங்கள் எழுதாவிட்டாலும் தெரிந்திருக்கும். இசைவாணி பார்த்துவிட்டாள். "ஒங்க வூட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் டீக்கடையில நின்னாருக்கா. இந்த வெயில்ல முழுக்கை சட்டை, மணிக்கட்டு பட்டன் வரைக்கும் போட்டுக்கினு" என்றாள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்தவருக்குப் பதினெட்டுப் படி ஏற முடியவில்லை. கோபத்தில் அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

எனக்கு ஓர் அரிப்பும் இல்லை. உங்கள் கேள்விகள் எனக்குப் புரியவில்லை. பதில் எழுதுங்கள் என்றால் கேள்வி எழுதுகிறீர்கள்.

இப்போது என் கேள்வி. வந்ததிலிருந்து அவன் தட்டில் வைத்ததைச் சாப்பிடுவதில்லை. முட்டை வைத்தேன். லால்பேட்டைக் கறிக்கடை பாய், நாய்க்கு என்று கேட்டதும் தனியாகக் கட்டிக் கொடுத்த ஈரலை வேகவைத்து வைத்தேன். தட்டை வைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். நான் அறைக்குள் போன பிறகு எப்போதோ சாப்பிடுகிறான். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். வியாழக்கிழமை தரை கூட்டும்போது விளக்குமாற்றுக் கட்டை பட்டுத் தட்டு நகர்ந்தது. உடனே எழுந்து வந்து மளமளவென்று சாப்பிட்டான். மறுநாள் வேண்டுமென்றே கட்டையால் தள்ளிப் பார்த்தேன். அப்போதும் சாப்பிட்டான்.

அவனுக்குக் குச்சியால் தள்ளியா சோறு போட்டீர்கள்?

இதற்கு மட்டும் நேர்ப் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் இந்தக் கடிதப் போக்குவரத்தே வேண்டாம். மே மாதம் வீட்டுக்கு வருவதா, வேறு வீடு பார்ப்பதா என்று நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஓர் ஊமைப் பிராணிக்குக் கிட்டே போய்ச் சோறு வைக்க மனம் வராதவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

பவானி

---

கடலூர் ஓ.டி.
07.03.2025

பவானிக்கு,

ஆமாம். குச்சியால்தான் தள்ளினேன். நவம்பரிலிருந்து.

இதை எழுத மூன்று நாளாகிவிட்டது. நாலு தாள் கிழித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கை.

போன ஆகஸ்ட்டில் ஆரம்பித்தது. வலது கை விரல் சந்தில் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு வெடித்து நீர் வடிந்தது. பிறகு தோல் தடித்துப் பிளவு பிளவாக விட்டது. இரண்டு கையும் முழங்கைக்குக் கிட்டே வரை ஏறிவிட்டது. அரிப்பு என்றால் தூங்க முடியாது. பிளாண்ட்டில் நாங்கள் கையாளும் திரவத்தால் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் பொன்னுரங்கம் அண்ணனுக்கு இதே மாதிரி வந்தது. சூப்பர்வைசரிடம் கையைக் காட்டினார். அடுத்த வாரத்திலிருந்து ஆளைக் காணோம். நானும் கான்ட்ராக்ட் ஆள்தான். அதனால் யாரிடமும் காட்டவில்லை. கையுறையைக் கழற்றாமல் டீ குடித்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்தால் அவன் ஓடிவந்து மேலே ஏறுவான், உனக்குத் தெரியும். நானும் அதே கையால் அவன் காதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அக்டோபரில் அந்தக் காதில் முடி கொட்டியது. நான் எங்கே தேய்ப்பேனோ அதே இடத்தில். அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது. என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது என்று நினைத்தேன். என் கை படும் எல்லாருக்கும் வரும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு நீ வந்தபோது ஏன் கூடத்தில் படுக்கிறீர்கள் என்று கேட்டாய். முழுக்கைச் சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு, புழுக்கமாக இருக்கிறது என்றேன். பொங்கலுக்கு ஓவர்டைம் என்றேன். ஓவர்டைம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன்.

அவனைக் கட்டிப்போட்டதும் அதனால்தான். அவிழ்த்து விட்டால் என்மேல் ஏறுவான். தட்டைத் தள்ளினால் கை படாது. குளிப்பாட்ட முடியாது, சீவ முடியாது, டாக்டரிடம் தூக்கிப் போக முடியாது. நாள் ஆக ஆக அவனைப் பார்ப்பதற்கே பயமாகிவிட்டது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். அவன் முனகுவது கேட்காமல் இருக்க டிவியைச் சத்தமாக வைப்பேன். இதைத்தான் நீ கேட்கிறாய். இதுதான் நடந்தது.

வேஸ்ட் ஆயிலை முதலில் என் கையில்தான் தடவிப் பார்த்தேன். எரிந்தது. ஆனாலும் இரண்டு நாள் அரிப்பு குறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் குச்சியில் துணி சுற்றி அவனுக்குத் தடவினேன். அவனுக்கும் எரிந்திருக்கும்.

இளவரசு

---

சிதம்பரம்
11.03.2025

இளவரசு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தேன், அங்கே படித்து முடிக்க முடியவில்லை. கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன், அழுதேன். முகம் கழுவி வெளியே வந்ததும் கோபம் வந்தது. முன்பு வந்ததைவிடப் பெரிய கோபம். ஆகவே மாமா என்று எழுதியதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சனிக்கிழமை முறுக்குக்கு இரண்டாம் முறை தோல் சுரண்டிப் பார்த்தார்கள். பூச்சி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. நேற்று உங்களுக்காகவே மறுபடியும் போய் டாக்டர் இலக்கியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பூச்சி இவர்கிட்டேர்ந்து அதுக்குப் போவாது, அதுகிட்டேர்ந்து இவருக்கும் வராதும்மா. ரெண்டும் வேற வேற. அவரை மொதல்ல ஒரு தோல் டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றார். காதில் முடி கொட்டியதும் நீங்கள் தேய்த்ததால் அல்லவாம். பெரும்பாலும் முகத்திலும் காதிலும்தான் முதலில் கொட்டுமாம். அப்போதே காட்டியிருந்தால் ஒரு மாத்திரையோடு போயிருக்குமாம்.

இதைக் கேட்டுவிட்டு எனக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. ஒட்டாத நோய்க்குப் பயந்து நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் கையை எடுத்துக்கொண்டதால்தான் அவனுக்கு அது இவ்வளவு பரவியது.

சரி, ஒட்டிவிடும் என்று பயந்தீர்கள், என்னைத் தொடாமல் இருந்தீர்கள். சொன்னால்கூடவா ஒட்டிக்கொள்ளும்? ஒரு போன் செய்து, "பவானி, என் கையைப் பாக்கவே பயமா இருக்கு" என்று சொன்னால் எனக்குக் கொப்புளம் வந்துவிடுமா? நான் இங்கே என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு கிடந்தேன். உங்களுக்கு வேறு யாரோடாவது பழக்கம் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன். நினைக்க வைத்ததற்கு நீங்களும் வெட்கப்படுங்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போய்த் தோல் டாக்டரைப் பாருங்கள். ஓ.பி. சீட்டைக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். சீட்டு இல்லாத கடிதத்தை நான் பிரிக்கப் போவதில்லை.

பவானி

---

கடலூர் ஓ.டி.
20.03.2025

அன்புள்ள பவானிக்கு,

சீட்டு இணைத்திருக்கிறேன். பிரித்தது தெரிந்தால் சந்தோஷம்.

டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை, எந்தக் கையுறை, எதில் கை கழுவுகிறீர்கள் என்று கேட்டார். பெயிண்ட் கரைக்கிற தின்னரில் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் கையுறைக்குள் திரவம் இறங்கி, வேர்வையோடு ஊறி, அதன்மேல் தின்னர் பட்டு வந்த புண்ணாம். யாருக்கும் ஒட்டாதாம். "ஒய்ஃபுக்கு வருமா சார்?" என்றேன். "வராது." "நாய்க்கு?" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கும் வராதுய்யா" என்றார். களிம்பு கொடுத்திருக்கிறார்கள். உள்ளே காட்டன் கையுறை, அதற்கு மேலே ரப்பர் கையுறை. தின்னரைத் தொடக்கூடாது.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு மாதம். ஒருவரிடம் கேட்டிருந்தால் அரைமணி நேரத்து வேலை.

மறுநாள் துணிந்து சூப்பர்வைசரிடம் கையைக் காட்டினேன். திட்டினார். "இதுக்குப் போயி இத்தினி மாசமாய்யா? அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று கையுறை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பொன்னுரங்கம் அண்ணனை யாரும் அனுப்பவில்லையாம். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து அங்கேயே போய்விட்டாராம். நான் அவரை நினைத்து நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன், அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

நீ என்னைப் பற்றி அப்படி நினைத்தாய் என்று படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நான் நடந்துகொண்டதைப் பார்த்து வேறு என்ன நினைக்க முடியும்?

பின்கட்டைக் கழுவிவிட்டேன். சங்கிலியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரலாமா? இந்தத் தடவை படி ஏறுவேன்.

இளவரசு

---

சிதம்பரம்
25.03.2025

மாமா,

சீட்டைப் பார்த்தேன். இசைவாணியும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே மாசத்துல மருந்து, ஒங்க குடும்பமே தோல் வார்டா ஆயிடுச்சேக்கா" என்றாள். சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

30-ஆம் தேதி வாருங்கள். கையில் மருந்து வாசனை, சிகரெட் வாசனை எதுவும் வேண்டாம். வந்ததும் அவனைத் தூக்கப் போகாதீர்கள். இடுப்பிலும் தொடையிலும் முடி முளைத்துவிட்டது. தடவினால் புதுப் பல்துலக்கி மாதிரி குத்துகிறது. முதுகில் இன்னும் திட்டுத் திட்டாக வெறும் தோல்தான். வெயில் படக் கூடாது என்று இசைவாணியின் பழைய சுடிதார் மேல்சட்டையை வெட்டிப் போட்டிருக்கிறேன். மயில் கழுத்து நிறம். பார்த்துச் சிரிக்காதீர்கள், அவனுக்கு ரோஷம் வரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிலையாக உட்கார முடியவில்லை. நீங்கள் வந்தால் அவன் பயந்து ஒளிவானோ என்று கவலை. அதைவிடப் பெரிய கவலை, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிவந்து உங்கள்மேல் ஏறிவிடுவானோ என்பது. அவன் மன்னித்துவிட்டால் நான் மட்டும் கோபத்தோடு தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

பவானி

---

கடலூர் ஓ.டி.
01.04.2025

அன்புள்ள பவானிக்கு,

நீ பயந்த இரண்டாவது நடக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போனவன் நான் கிளம்பும்வரை வரவே இல்லை. இரண்டரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து வேகவைத்த முட்டையை நீட்டிக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போனது. அவன் மூக்கு மட்டும் தெரிந்தது. விளக்குமாற்றால் தள்ளினால் சாப்பிடுவான் என்று நீ சொன்னாய். எனக்குத் தள்ள மனம் வரவில்லை. நீதான் தள்ளினாய்.

எனக்கு வருத்தம்தான். ஆனால் ஓடிவந்து நக்கியிருந்தால் நான் இன்னும் கூசியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

நீ என்னோடு அதிகம் பேசவில்லை. காபி கொடுத்தாய். கிளம்பும்போது "கையைக் காட்டுங்க" என்று ஜன்னல் பக்கம் இழுத்துப்போய், விரல் விரலாக விரித்து, வெளிச்சத்தில் பார்த்தாய். முறுக்கை டாக்டர் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு விட்டுவிட்டாய். ஆகஸ்ட்டுக்குப் பிறகு என் கையைத் தொட்ட முதல் ஆள் டாக்டர். இரண்டாவது நீ.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன். அவன் வெளியே வந்தாலும் வராவிட்டாலும் முட்டையோடு உட்காருகிறேன்.

இளவரசு

---

சிதம்பரம்
15.04.2025

மாமா,

இரண்டு நல்ல செய்தி. ஒன்று, நேரில் சொல்லாமல் விட்டது, ஐந்தாம் தேதி சுரண்டிப் பார்த்ததில் ஒரு பூச்சிகூட இல்லை. அடுத்த மாதமும் இல்லையென்று வந்தால்தான் முழுசாகச் சரியானதாம். இரண்டாவது, நீங்களே பார்த்ததுதான். இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, உங்கள் விரலை அரைமணி முகர்ந்து, முட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினானே, அதைப் பார்த்துவிட்டு நான் ஏன் அடுப்படிக்குப் போய்விட்டேன் தெரியுமா? சந்தோஷத்தில் அழுதேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது பாதிதான்.

தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் அவனை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வருவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்ததற்காகத்தான் இரண்டு மாதமாக உங்களைப் போட்டுக் காய்ச்சுகிறேன். நானே ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு வந்தால் நன்றாக இருக்காது.

தீபாவளிக்கு வந்துவிட்டு நான் திரும்பிய திங்கட்கிழமை காலை. வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். முறுக்கு வந்து என் மடியில் தலையை வைத்தான். காதைத் தடவினேன், விரலில் வழவழவென்று பட்டது. புரட்டிப் பார்த்தேன். எட்டணா அகலத்துக்கு முடியே இல்லை, தோல் சிவந்திருந்தது. பார்த்தேன், மாமா. நன்றாகப் பார்த்தேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். முதல் பீரியடுக்குத் தாமதமாகிவிடும், லீவு போட முடியாது, இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுந்துவிட்டேன். பேருந்து செமங்குப்பம் தாண்டுவதற்குள் மறந்தும்விட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் வீம்பு பிடித்துக்கொண்டு வரவே இல்லை. ஒரே ஒரு நாள் லீவு போட்டிருந்தால் அன்றைக்கே ஒரு மாத்திரையோடு போயிருக்கும். டாக்டர் அதைச் சொன்னபோது எனக்கு ஏன் உட்கார வேண்டும்போல் இருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

குட்டியானையில் மீன்பெட்டிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதபோதே எனக்குத் தெரியும். உங்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் என்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் விடாமல் கோபப்பட்டேன்.

இதைப் படித்த பிறகும் வருகிற ஞாயிறு வருவீர்களானால் வாருங்கள்.

பவானி

---

கடலூர் ஓ.டி.
17.04.2025

அன்புள்ள பவானிக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை நீ அவன் காதைப் புரட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீ குனிந்தபடியே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "டைம் ஆயிடுச்சு மாமா, வர்றேன்" என்றாய். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் "பாத்துப் போ" என்றேன். நீ தெருவைத் திரும்பியதும் சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டேன்.

நீ கேட்டிருக்கலாம் என்று அதற்குப் பிறகு எத்தனையோ நாள் உன்மேல் கோபமாக இருந்திருக்கிறேன். கேட்காதவளிடம் நான் ஏன் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதையும் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். என்னிடம் வேறு எதுவும் பாக்கி இல்லை.

அன்றைக்கு மத்தியானம்தான் நான் முதல்முதலாக அவனைச் சங்கிலியில் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இளவரசு